சேலையில்லாமல் மேட்சிங் கடைக்குப் போனவள்

மேட்சிங் பிளவுஸ் துணிக் கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி "சேலை எங்கக்கா?" என்பதுதான். சென்ற சித்திரையில் திருநெல்வேலி டவுனில் அப்படியொரு கடையில், கையில் சேலையே இல்லாமல் போய் நின்று, பத்து நிறங்களில் தலா அரை மீட்டர் வேண்டும், எதற்கு எது பொருந்த வேண்டும் என்பது எனக்கே இன்னும் தெரியாது என்று சொன்னபோது, அங்கிருந்த தம்பி என்னைச் சற்றுக் கவலையோடுதான் பார்த்தார்.

காரணம் என் அக்காள் மகள். ஊட்டியில் வேலை கிடைத்துப் போனவள் இரண்டே மாதத்தில் அழைத்து, "சித்தி, இங்க வெயிலே இல்ல. நம்ம ஊர் வெயில் மாதிரி ஒரு போர்வை தச்சுக் குடுங்க" என்றாள். பாளையங்கோட்டையில் கத்திரி வெயிலுக்குப் பயந்து நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் அவள் அதைக் கேட்டாள். ஒட்டுத்துணிப் போர்வை இரண்டு மூன்று தைத்திருக்கிறேன். எல்லாம் பூப்போட்ட துணியில் தைத்தவை. பூப்போட்ட துணிக்கு ஒரு தாராள குணம் உண்டு: தையல் சற்றுக் கோணினாலும், நிறம் சற்று ஒத்துவராவிட்டாலும், பூக்கள் மறைத்துவிடும். இந்த முறை வெயிலே வேண்டும் என்றதால், பூவும் கோடும் இல்லாத ஒற்றை நிறத் துணிகளில் மட்டுமே தைப்பதென்று முடிவு செய்தேன்.

ஒட்டுத்துணிப் போர்வையை ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்பார்கள். அமெரிக்காவில் 'மாடர்ன் குவில்ட்' என்ற பெயரில், 2009-இல் தொடங்கிய மாடர்ன் குவில்ட் கில்டு என்ற அமைப்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் பாணியில், ஒற்றை நிறத் துணிகளுக்கும் ஒன்றும் வரையாமல் விட்ட வெற்றிடத்துக்கும் பெரிய இடம் உண்டு. அது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அங்கே எளிய வாழ்க்கையைக் கடைப்பிடிக்கும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தின் பெண்கள் அச்சடித்த துணியை ஒதுக்கி, ஆழ்ந்த ஒற்றை நிறங்களிலேயே நெடுங்காலம் தைத்துவந்திருக்கிறார்கள். அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஓவியங்களைப் போலத் தொங்கின.

அங்குள்ளவர்கள் ஒற்றை நிறப் பருத்திக்கு நிற மாதிரி அட்டை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கோ தெருவுக்குத் தெரு மேட்சிங் கடை இருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை அடுக்கிய டூ பை டூ, பாப்ளின், கேம்பிரிக் துணித் தான்களில், ஒரு பச்சைக்குள்ளேயே கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை என்று பிரித்து எடுத்துத் தரும் கண் அந்தத் தம்பிகளுக்கு உண்டு. நிறப்பெயர்களைக் கேட்பதே ஒரு சுகம்: வாடாமல்லி, கனகாம்பரம், அரக்கு, மாந்துளிர், வெங்காயத்தோல், மயில்கழுத்து. கடைசியாகச் சொன்னது, பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடுவதால் திருப்பத் திருப்ப மாறும் துணி; ஒற்றை நிறம் என்று சொல்லி அதையும் ஒட்டுப்போர்வையில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் துண்டுகளை ஒரே திசையில் வைத்து வெட்டாவிட்டால் மட்டும், ஒன்று நீலமாகவும் ஒன்று பச்சையாகவும் தெரிந்து உங்களையே ஏமாற்றும்.

வெயில் என்றதும் என் கை போன திசை ஊகிக்கக் கூடியதுதான். மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், கனகாம்பரம், ரத்தச் சிவப்பு, வாடாமல்லி, கிளிப்பச்சை, ஆனந்தா நீலம் என்று கத்துகிற நிறங்களாகவே பத்து எடுத்தேன். கடை விளக்கில் நிறம் ஏமாற்றும் என்பதால் ஒவ்வொரு தானையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. இரண்டு விஷயங்களை அங்கேயே சோதித்துவிடலாம். துணியை மடித்து நகத்தால் அழுத்தி விட்டால் பருத்தியில் மடிப்பு நிற்கும். பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் மெல்ல நிமிர்ந்துகொள்ளும். ஈரக் கைக்குட்டையால் சிவப்பையும் அரக்கையும் தேய்த்தால் ஒட்டாத சாயம் கைக்குட்டைக்கு வந்துவிடும். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று என் அம்மா உட்பட எல்லோரும் சொல்வார்கள். சாயத் தொட்டியில் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளத்தான் உப்பு உதவும். சாயமிட்டு விற்பனைக்கு வந்துவிட்ட துணியில் அதற்கு வேலையில்லை. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி.

அலசியதில்தான் என் கணக்கு கவிழ்ந்தது. 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் கொண்ட போர்வைக்கு, தைத்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 140 வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் வெட்டும் அளவு 6.5 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு ஐந்து. அரை மீட்டரில், அதாவது 19.7 அங்குலத்தில், மூன்று வரிசை. ஆக, நிறத்துக்குப் பதினைந்து, பத்து நிறத்துக்கு 150 என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வரிசைக்கு 19.5 அங்குலம் வேண்டும் என்பதையும், பருத்தி முதல் அலசலில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்கும் என்பதையும் சேர்த்து யோசிக்கவில்லை. காய்ந்தபின் ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசைதான் தேறியது. 100 சதுரங்கள், நாற்பது குறை. அறுபது சென்டிமீட்டராக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குறையோடு சரி என்று, கூடத்தில் விரித்திருந்த கோரைப்பாயின்மேல் அவற்றைப் பரப்பினேன். எதிர்பார்த்தபடியே பொருட்காட்சிப் பலூன் கடை மாதிரி இருந்தது. எல்லா நிறமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் எதுவும் காதில் விழவில்லை. அம்மா வந்து நின்று பார்த்து, "ஏட்டி, நல்ல துணிய வாங்கி வெட்டி, திரும்ப ஒட்டவா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் கீழ் மூலையில், துண்டு போதாமல் இடைவெளி விட்டிருந்த இடம் மட்டும் வேறுமாதிரி இருந்தது. பாயின் காய்ந்த வைக்கோல் நிறம் சுற்றிலும் தெரிந்த அந்த இடத்தில், கனகாம்பரத் துண்டு உண்மையாகவே எரிந்தது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸின் கோப்லேன் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்று குறை சொன்னார்களாம். சாயத்தை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, அந்தக் கறுப்பின் பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் முடிவு செய்கிறது என்ற அந்த விதியை 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். கூடத்துப் பாயில் நான் பார்த்ததும் அதுதான்.

பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய், அறுபதில் நிறுத்தினேன். எலுமிச்சை மஞ்சளும் ஆனந்தா நீலமும் முழுதாகவே வெளியேறின. வெயிலைக் காட்ட நிழல் வேண்டும் என்று தோன்றியது. குதிரைமொழித் தேரிக்காட்டின் செம்மணல்மேல் நின்றவர்களுக்கு (இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அந்தப் பக்கமெல்லாம் 1986 வரை எங்கள் நெல்லை மாவட்டந்தான்), அந்தச் சிவப்பை அவ்வளவு சிவப்பாக்குவது நடுநடுவே நிற்கும் பனைகளின் சாம்பல் கலந்த பச்சைதான் என்பது தெரியும். மறுபடியும் கடைக்குப் போய்ப் பனையோலைப் பச்சை ஒன்றும், நுங்குச் சுளையின் நீலம் தோய்ந்த வெள்ளை ஒன்றும் எடுத்து, அறுபதுக்குள் அவற்றுக்கும் இடம் கொடுத்தேன். மீதி எண்பது சதுரங்களுக்குக் கோரைப்பாய் நிறத்தில் மூன்று மீட்டர். பின்னணித் துணியை ஒரே தானிலிருந்து ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும். அடுத்த வாரம் வரும் தானின் சாயத்தொட்டி வேறு.

இடம் மாற்றி வைக்கும்போதெல்லாம் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தேன். வாடாமல்லியும் ராமர் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. அடர்த்தி ஒன்றாகவும் நிறம் எதிராகவும் இருக்கும் இப்படிப்பட்ட இரண்டை ஒட்டி வைத்தால் விளிம்பு துடித்துக் கண் கூசும். பிரித்து வைத்தேன். மாம்பழ மஞ்சள் பாயின் நிறத்தோடு படத்தில் கரைந்துபோனதால், அதன் ஒரு பக்கத்திலாவது மயில்கழுத்து வருமாறு பார்த்துக்கொண்டேன்.

டூ பை டூ மெல்லிய துணி என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிர் நிறத்துக்கு அடியில் அடர்நிறத் தையல் மடிப்பு படுத்தால் மேலே நிழலாகத் தெரியும். ஆகவே மடிப்பை எப்போதும் அடர்நிறத்தின் பக்கமே சாய்த்து இஸ்திரி போட்டேன். வெட்டுவதற்குமுன் கஞ்சி போட்டுக்கொண்டால் துணி நழுவாது. நூல் எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர் சாம்பல். ஊட்டிக் குளிருக்காக உள்ளே பஞ்சு விரிப்பு வைத்தேன். நெல்லையிலேயே போர்த்துவதென்றால் பழைய வேட்டி ஒன்றே அதிகம்.

விளிம்புக்கு எந்த நிறம் என்பதில் ஒரு வாரம் போயிற்று. பாய் நிறமே வைத்தால் போர்வை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மஞ்சள் வைத்தால் கண் உள்ளே போகாமல் ஓரத்திலேயே சுற்றியது. கடைசியில், கோரைப்பாய்க்கு அரக்கு நிறத்தில் கரை கட்டுவதைப் பார்த்து அரக்கையே எடுத்தேன். சுற்றளவு 288 அங்குலம், 2.5 அங்குலப் பட்டை ஒன்பது, சுருக்கத்துக்கும் சேர்த்து 65 சென்டிமீட்டர். இம்முறை கடைக்குப் போனபோது தைத்து முடித்த மேல்துணியையே சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தம்பி அதை மேசைமேல் விரித்து, அரக்கில் நான்கு தான்களை இறக்கி, ஒவ்வொன்றாக ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நடந்தார்.