மூச்சு முட்டாது

திரவ நைட்ரஜன் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மைனஸ் 196 டிகிரி என்றால் பயம் வரத்தானே செய்யும்? ஆனால் குளிருக்கு முகக்கவசம் இருக்கிறது, உதறினால் கழன்று விழும் தளர்வான கையுறை இருக்கிறது. பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விட்டுக்கொள்ளச் சொல்வோம்; உள்ளே செருகினால் சிந்திய திரவம் பூட்ஸுக்குள் தேங்கிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் அறையில் உள்ள காற்றைப் பற்றி.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகிவிடும். அந்த அளவுக்கு அறையில் இருந்த காற்று வெளியேறியாக வேண்டும், ஆக்சிஜனும் சேர்த்துத்தான். ஒருமுறை மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் 10 லிட்டர் குடுவையோடு லிஃப்டில் ஏறப் பார்த்தார். "ரெண்டு மாடிதானே தம்பி, நானே கொண்டுபோயிடறேன்" என்றார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: கொட்டினால் ஏழு கன மீட்டர் வாயு, சின்ன லிஃப்டின் கொள்ளளவோ அதைவிடக் குறைவு. முகம் சுளித்தார், ஆனால் இறங்கிவிட்டார். குடுவை தனியாகப் போனது. மேலே ஒருவர் காத்திருந்து எடுத்துக்கொண்டார்.

கொடுமை என்னவென்றால், இதில் மூச்சு முட்டாது. அந்தத் திணறலைத் தருவது பெரும்பாலும் உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். நைட்ரஜன் சூழ்ந்த இடத்திலும் அது வழக்கம்போல் வெளியேறிவிடுவதால் உடம்பு முறையிடுவதே இல்லை. ஆக்சிஜன் அறவே இல்லாத வாயுவை ஓரிரு முறை இழுத்தாலே நினைவு தப்பிவிடலாம். வெண்புகை தெரிகிறதே என்பார்கள். அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து நுண்துளிகளானது. புகை கலைந்த பிறகும் நைட்ரஜன் அங்கேயே இருக்கலாம்.

ஆக, நம்பவேண்டியது மீட்டரைத்தான். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் எங்கள் மீட்டர் அலறும். சென்சார் பழசானால் காரணமில்லாமலும் அலறும். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் தேதி பார்த்து சென்சாரை மாற்றச் சொல்லி நச்சரிப்பேன். என் மேல் பாதிப் பேருக்கு எரிச்சல் அதனால்தான்.

பயிற்சியில் ஒரு பெண் கேட்டாள்: "உள்ளே ஆள் விழுந்து கிடந்தா பார்த்துக்கிட்டே நிக்கணுமா சார்?" தூக்கப் போனவரும் அருகிலேயே விழுவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடப்பது என்றேன். வெளியிலிருந்தே காற்றோட்டத்தைப் போடு, ஆட்களைக் கூப்பிடு, சுவாசக் கருவி மாட்டியவர்களை மட்டும் உள்ளே விடு. அவள் எழுதிக்கொண்டாள், ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.