எங்கிருந்து அளப்பது என்று கேட்ட அக்கா

தொலைத்தொடர்பு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற ஒன்றையே தன் ஆய்வுக்காலம் முழுவதும் பற்றி நின்ற எங்கள் மூத்த ஆய்வாளர் காலமாகிவிட்டார். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். மட்டக்களப்பில் அவரோடு களப்பணிக்குச் சென்றவன் என்ற முறையில், அவர் வேலை செய்த விதத்தைப் பதிந்து வைக்க விரும்புகிறேன்.

1985இல் சேர் டொனால்ட் மைற்லண்ட் தலைமையிலான ஆணைக்குழு, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு ஓர் அறிக்கை அளித்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மனிதகுலம் ஏறத்தாழ முழுவதும் ஒரு தொலைபேசியை எளிதில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அக்கா முதலில் வாசிக்கக் கொடுப்பது அதைத்தான். வாசித்து முடித்ததும், "சரி தம்பி, அந்தத் தூரத்தை எங்கயிருந்து அளப்பீங்க?" என்று கேட்பார்.

அவருடைய ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும். தொலைபேசி அலைக் கோபுரத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, அதற்குள் விழும் ஊர்களுக்கெல்லாம் சேவை கிடைத்துவிட்டதாகக் கணக்கெழுதும் முறையை அவர் ஏற்கவேயில்லை. வட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் போன் யாருடைய கையில் இருக்கிறது, அதை வீட்டுக்காரர் வயலுக்குக் கொண்டுபோய்விட்டால் பகலில் ஓர் அவசரத்துக்கு மனைவி எங்கே ஓடுவார், ரீலோட் போடும் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், வருகின்ற குறுந்தகவல் அவர் வாசிக்கும் மொழியில் வருகிறதா என்றெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதுவார். அவர் கேட்கும் விதத்தில் விசாரணையின் சாயலே இருக்காது. ஊர்ப் பெண்கள் அவரிடம் சொன்ன பலவற்றை எங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அவருக்குத் தனி அக்கறை இருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் நேர்வழியாக வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வருவதென்றால் படகுப்பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பயணம் கடினமான இடத்தில்தான் ஒரு தொலைபேசி அழைப்பின் பெறுமதி கூடுகிறது, ஆனால் அங்கேதான் நிறுவனங்களுக்கு வருமானம் குறைகிறது என்பது அவருடைய வாதம். இந்த முரணைச் சந்தை தானாகத் தீர்க்காது என்பதை நானும் முழுமையாக நம்புகிறேன்.

வெளிநாட்டு வழிகளையும் அவர் நுணுக்கமாகப் படித்திருந்தார். சிலி 1994இல் கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுசெல்வதற்கென ஒரு நிதியத்தை உருவாக்கி, மிகக் குறைந்த மானியம் கேட்கும் நிறுவனத்துக்கே கிராமியச் சேவையை வழங்கியது. செலவைக் குறைக்க அது நல்ல வழி என்பார். ஆனால் அவர் மனம் சாய்ந்தது, 1997இல் பங்களாதேசத்தில் தொடங்கிய கிராமத் தொலைபேசித் திட்டத்தின் பக்கம். கடன் பெற்று கைபேசி வாங்கிய ஒரு பெண், தன் வீட்டிலேயே அதை ஊராருக்குக் கட்டணத்துக்குக் கொடுத்தார். போன் ஒரு பெண்ணின் வீட்டில் இருந்ததால் மற்றப் பெண்களும் தயக்கமின்றிச் சென்று பேசினார்கள். கோபுரக் கணக்கில் ஒருபோதும் தெரியாத இந்த விடயத்தை அக்கா கூட்டங்களில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்.

கடைசியாக அவர் எடுத்துக்கொண்ட வேலை அனர்த்த எச்சரிக்கை பற்றியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து, சுனாமி அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தும் கிழக்குக் கரையோர ஊர்களான நாவலடிக்கோ மருதமுனைக்கோ ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. பின்னர் கரையோரத்தில் சைரன் ஒலிக்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. காது கேளாதவருக்கு அந்தச் சைரனால் என்ன பயன் என்று அக்கா கேட்டார். கேட்டதோடு நிற்காமல், சைகை மொழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு கரையோர வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். பக்கத்தில் நிற்கும் உறவினர் முந்திக்கொண்டு பதில் சொல்ல வந்தால் மெல்லக் கையமர்த்திவிட்டு, காது கேளாதவரின் முகத்தைப் பார்த்தே கேட்பார்.

அந்த நேர்காணல்கள் பாதியில் நிற்கின்றன. மீதியை நாங்கள் கல்முனைப் பக்கத்திலிருந்து தொடர்கிறோம். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் சைரன் ஒலித்தால் உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள் என்ற கேள்வியை அவர் வினாக்கொத்தின் முதலிடத்துக்கு மாற்றியிருந்தார். அதை அங்கேயே வைத்திருக்கிறோம்.