பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால்

21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்காக நான் பின்பற்றிய 12 வாரப் பயிற்சி அட்டவணையில், சென்னைக்கு ஒத்துவராமல் இடித்தது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குறித்திருந்த வேகம். மெரினாவில் விடிகாலை ஐந்து மணிக்கே காற்று ஈரமாகக் கனத்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் சென்றாக வேண்டும். எனவே அதே வேகத்துக்கு இதயம் இன்னும் விரைவாகத் துடிக்கிறது. 16 கிலோமீட்டரை நெருங்கும்போதெல்லாம் நனைந்த காலுறை காலணிக்குள் சொதசொதக்க, தொடைகள் இறுகிக் கால்கள் நகர மறுக்கும். என் உடலுக்கு அவ்வளவுதான் என்று உடன் ஓடும் நண்பர்களும் முடிவுகட்டியிருந்தனர்.

தூரத்தை மாற்றாமல், வேகத்தை மட்டும் அன்றைய உடல்நிலைக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அதற்குத் துணையானது சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவீடு. ஓடுபவர் உணரும் சிரமத்தை அது 6 முதல் 20 வரையிலான எண்களில் குறிக்கிறது. எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. நெடுந்தூர ஓட்டத்தை 12க்கும் 13க்கும் இடையில், அதாவது முழு வாக்கியம் பேச முடிகிற நிலையில் வைத்துக்கொண்டேன். பேச்சு முறியத் தொடங்கினால் வேகம் குறையும். அதுவும் போதாதபோது நான்கு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. பலர் பார்க்க நடப்பது கூச்சமாகத்தான் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பல்லாண்டுகளாகக் கற்பித்த முறை இது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் கிழமைகளும் இடம் மாறின. சாலையில் நீர் தேங்கிய நாட்களில் அடுக்ககப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினேன். விட்டுப்போன ஓட்டத்தை மறுநாளோடு சேர்ப்பதில்லை என்பதிலும், கடினமான பயிற்சிகளை அடுத்தடுத்த நாட்களில் வைப்பதில்லை என்பதிலும் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று, நேப்பியர் பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே போய்வந்து 18 கிலோமீட்டரை முடித்தேன். கிலோமீட்டருக்கு அட்டவணை கேட்டதைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம்தான். ஆயினும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் அன்று எல்லாவற்றையும்விட வேகமாக அமைந்தன. இது எனக்கே வியப்பளித்தது. முழங்கால் வலிக்கு இந்த விட்டுக்கொடுத்தல் எல்லாம் உதவாது. வலி தென்பட்டால் அன்றைய ஓட்டம் அத்துடன் சரி.

டிசம்பர் விடியல்கள் சற்றே குளிர்ந்திருப்பதால், அதே 13 என்ற அளவில் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று இப்போது குறித்துவருகிறேன். 16 கிலோமீட்டரைக் கடக்க நடை தேவைப்படுவதில்லை. 19 கிலோமீட்டருக்குப் பிறகு இன்னும் தேவைப்படுகிறது.