கோடு போயே போச்சு: கீட்டன் வித்தை, இரண்டு ஆள் வரைக்கும்

ஃபிலிம் சுருள் கழுவி வந்துவிட்டது. ஒரே மேசையில் நான் இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறேன், ஒருவன் காபி குடிக்க இன்னொருவன் முறைக்கிறான், இரண்டு பதிவும் சேரும் நடுவிடத்தில் கோடு இல்லை. சத்தியமாக இல்லை!

1921-ல் ‘தி பிளேஹவுஸ்’ படத்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒன்பது பேராக மேடையில் நின்றாரே, அதே வழிதான். லென்ஸுக்கு முன்னால் கறுப்புப் பெட்டி, ஒரு கதவைத் திறந்து ஃபிலிமில் ஒரு பட்டையை மட்டும் படம்பிடித்துவிட்டு, அதை மூடி, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த கதவு. என்னிடம் இருப்பது பழைய போலெக்ஸ் 16 எம்எம் ஃபிலிம் கேமரா, கதவு இரண்டுதான், அதுவும் அட்டையில்.

படுத்தியதெல்லாம் நடுக்கோடு. இரண்டு அட்டையின் விளிம்பும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் இடைவெளியில் கறுப்புக் கோடு, ஒரே இடம் இரண்டு தடவை பதிவானால் வெள்ளைக் கோடு. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, குறுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். துளை சிறிதான எஃப் 11-ல் விளிம்பு கூர்மையாகி, மயிரிழை பிசகும் பளிச்சென்று தெரிகிறது. எஃப் 4-க்குத் திறந்ததும் விளிம்பு மங்கி, முதல் பதிவு தேயத்தேய இரண்டாவது ஏறி, சேர்மானம் சமமாகிவிட்டது. ஆனால் இரண்டு தடவைக்கும் நடுவில் அப்பர்ச்சரைத் தொடவே கூடாது, வெயிலும் ஆகாது, பல்பு வெளிச்சம்தான். கேமராவின் ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கும்போது கேமரா அசையாமலிருக்க ஸ்டாண்டில் மணல் மூட்டை தொங்கவிட்டேன்.

எனக்காவது ஸ்பிரிங் மோட்டார். கீட்டனின் கேமராமேன் எல்ஜின் லெஸ்லி கையால் சுழற்றினார், அதுவும் ஒன்பது தடவை, ஒரே வேகத்தில்! வேகம் மாறினால் ஒன்பது பேரின் ஆட்டம் மட்டுமா ஒட்டாது, ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவும் மாறி ஒரு பட்டை மட்டும் இருண்டுவிடும். கீட்டன் என்றாலே 1928-ல் தலைக்கு மேல் விழுந்த அந்த வீட்டுச் சுவரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1917-ல் நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளிடம் சேர்ந்த புதிதிலேயே கேமராவைக் கழற்றிப் பார்த்தவர் என்பார்கள், எனக்குப் பிடித்தது அந்த மெக்கானிக் கீட்டன். ‘தி பிளேஹவுஸ்’ எடுத்ததுகூட, அதற்கு முந்தைய படத்தில் கணுக்கால் உடைந்து, குதிக்க முடியாமல் இருந்தபோது.

ஃபிலிம் விலையைப் பற்றிப் பேச வேண்டாம், வயிறு எரிகிறது. கழுவித் தர உள்ளூரில் ஆள் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பினால் தபால் செலவு தனி.

அடுத்து மூன்று பட்டை. நடுப்பட்டைக்கு இரண்டு பக்கமும் விளிம்பு என்பதால் அட்டை தாங்காது, பித்தளைத் தகடு வெட்டச் சொல்லியிருக்கிறேன். இதற்கிடையில் இப்போதைய காட்சியிலேயே இரண்டாவது ஆளின் முறைப்பு சிரிப்பாக மாறிவிட்டது, அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.