பெருக்கல் குறியிட்ட கொள்ளுத்தாத்தா

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் எஞ்சியிருந்தது ஒரு பெயர் மட்டுமே. கூலி வேலை செய்து வாழ்ந்த அவர் நிலமோ உயிலோ விட்டுச் செல்லாததால், திருமண, இறப்புப் பதிவுகளிலிருந்தே தேடத் தொடங்கினேன். இரண்டிலும் வயது முரண்பட்டது. இது வியப்பானதன்று; பழைய பதிவுகளில் வயது துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை 5-இன் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களுக்கே அறிவுறுத்தியிருந்தார்கள். இறப்புப் பதிவு காட்டும் வயதை நான் எளிதில் நம்புவதில்லை. அதைச் சொன்னவர் இறந்தவர் அல்லவே! திருமணப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில், எழுதத் தெரியாதவர்கள் இடும் ஒரு பெருக்கல் குறி மட்டுமே இருந்தது. ஆனால் அருகில் சாட்சியாகக் கையெழுத்திட்டவரின் பெயரைப் பிற பதிவுகளில் பின்தொடர்ந்தபோது, அவர் மணமகளின் அண்ணன் என்பதும், அவரும் கொள்ளுத்தாத்தாவும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் என்பதும் தெரியவந்தன.