தம்பியில் போட்ட கண்ணீர் அஞ்சலி

“எழுத்து கொஞ்சம் சந்தோஷமா இருக்கோண்ணே?” அந்தப் பையன் கேட்டது அவ்வளவுதான். “இல்ல தம்பி, இதுதான் தூரத்துல இருந்தே பளிச்னு தெரியும்” என்றேன். “சரிண்ணே” என்றான். அந்த ‘சரி’ இத்தனை மாதமாகியும் என்னை விடவில்லை.

தாராவி 90 அடி ரோட்டுக் கடையில் ராத்திரி பத்து மணி. அவன் அப்பா தவறிவிட்டார். காலையில் எடுப்பதற்குள் ஆறுக்கு நாலில் ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரிகளை, டிசைன் செய்யும் கோரல் சாஃப்ட்வேரில் ஒட்டி, பாலூ தம்பி என்ற ஃபாண்டைப் போட்டேன்.

பாலூ எனக்குப் பிடித்த எழுத்து. இதே மும்பையில் ஃபாண்ட் வடிவமைக்கிற ஏக் டைப்காரர்கள் செய்தது. குஜராத்திக்கு பாய், மலையாளத்துக்கு சேட்டன், கன்னடத்துக்கு தம்மா, நமக்குத் தம்பி என்று மொழிக்கொரு பெயர் வைத்தார்கள். கனமாக, மூலையெல்லாம் உருண்டு, பெரிய தலைப்புக்கென்றே பிறந்த எழுத்து. இலவசம் வேறு. போட்டோவுக்கு மேலே போட்டாலும் அமுங்காது. அந்த வகையில் நான் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே மெஷினில் ஒரு காதுகுத்து பேனர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தம்பிதான். அந்தக் குழந்தையின் பெயர் அங்குலம் அங்குலமாக வெளியே வருவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அதைப் பார்த்துத்தான் கேட்டானோ என்னவோ.

பழைய ஃபாண்டில் போட்டால் எல்லாவற்றையும் திரும்ப டைப் அடிக்க வேண்டும், யூனிகோட் ஃபாண்ட் என்றால் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டினால் போதும், அதற்குத்தான் தம்பி என்று கொஞ்ச நாள் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. முக்தா மலரும் யூனிகோட்தான், அதே ஏக் டைப் செய்ததுதான், மெலிசிலிருந்து தடிமன் வரை ஏழு கனத்தில் இருக்கிறது, என் சிஸ்டத்திலும் இருந்தது. மாற்ற அரை நிமிஷம் ஆகாது. தம்பியிலேயே பாலூ 2 என்று ஐந்து கனத்தில் வந்துவிட்டது. நான் பழைய ஒற்றைக் கனத்தையே வைத்திருந்தேன்.

அவனுக்கு அப்போது வாதாடத் தெம்பு இருந்திருக்காது. தெம்பில்லாதவன் சொல்கிற சரியைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படியும் தோன்றுகிறது, அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது. காசு கொடுத்துவிட்டுப் போனவன் அப்புறம் வரவில்லை.

போன வாரம் அந்த ஃபைலைத் திறந்து, முக்தா மலரில் இன்னொன்று செய்து, இரண்டையும் திரையில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தேன். அப்பாவின் பெயர் தம்பியில்தான் முதலில் கண்ணில் பட்டது. கிட்டே வந்து பார்த்தால், மேலே ‘கண்ணீர்’ என்ற சொல்லில் அந்த ‘ண்ணீ’ கொழுகொழுவென்று, குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. பெயருக்குத் தம்பி, கண்ணீருக்கு முக்தா மலர் என்று மூன்றாவதாக ஒன்று செய்தேன். அதுவும் ஒட்டவில்லை. மூன்று ஃபைலும் அப்படியே கிடக்கின்றன.