பரவையார் வாசலுக்கு நடந்த பாதம்

அம்மாவின் வலது கண் திறந்தால், நாயன்மார் சுந்தரர் (நம்பியாரூரர்) கண்ணிழந்து நடந்த வழியிலேயே போய்த் திருவாரூரில் கண்மலர் சாத்துவதாக எங்கள் வேண்டுதல். இடது கண்ணில் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. வலது கண்தான் சர்க்கரையால் விழித்திரை வரை கெட்டுப்போயிருந்தது. டாக்டரே வாக்குக் கொடுக்கவில்லை, "பார்க்கலாம்மா" என்று இழுத்தார். கட்டு அவிழ்த்த அன்று, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியை அம்மா வாய்விட்டுப் படித்தார். ஆரூர்த் தியாகேசா, இதற்கு மேல் உன்னிடம் என்ன கேட்பது?

நம்பியாரூரருக்கும் காஞ்சியில் இடது கண், ஆரூரில் வலது கண் என்றுதான் வந்தது. அம்மாவுக்கும் அதே வரிசை. தற்செயல் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

முதலில் திருவொற்றியூர். மாசிப் பிரம்மோற்சவத்தில், சுந்தரர் சங்கிலியாரை மணந்ததைக் கொண்டாடும் மகிழடி சேவை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் பக்கம்தான், ஆனால் அந்தப் பக்கத்தைக் கடக்கத்தான் பாடாய்ப் பட்டோம். செருப்பு விடும் இடத்திலிருந்தே நெரிசல். ஆபரேஷன் செய்த கண்ணில் யார் கையாவது பட்டுவிடுமோ என்று நான் அம்மாவின் முகத்துக்கு முன்னால் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஆதிபுரீசுவரரைக் கும்பிட்டு, வடிவுடையம்மனிடம் ஒரு நிமிடம் நின்று, மகிழ மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது சங்கிலி நாச்சியார் கல்யாணத்துக்குக் கூட்டம் கழுத்து வரை நிறைந்திருந்தது.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "நாயன்மாரே ரெண்டு கட்டியிருக்கார், நமக்கு என்னப்பா" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா திரும்பினார். "அந்த ரெண்டாவதுக்கு அவர் ரெண்டு கண்ணையும் குடுத்தாருப்பா. நீ குடுப்பியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த மனிதர் பேசவில்லை.

அம்மாவுக்கு இந்த விஷயத்தில் ஏன் அத்தனை சூடு என்று எனக்குத் தெரியும். என் பாட்டி மூத்த தாரம். இரண்டும் பெண்ணாகப் பிறந்ததால், ஆண் வாரிசு வேண்டும் என்று தாத்தா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அப்போது அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது. மதராஸ் மாகாணத்தில் 1949-ல்தான் இந்துக்களுக்கு இருதாரத் தடைச் சட்டம் வந்தது, நாடு முழுக்க 1955-ல். அதற்கு முன்னால் நடந்ததற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? இளையாள் வீட்டுக்குள் வந்த அன்று பாட்டி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நெல் புடைத்துக்கொண்டிருந்தாராம். ஊரில் ஒரு பெரியவர்கூட அவரிடம் வந்து ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டிதான் எங்களுக்குச் சுந்தரரின் மூத்த மனைவி பரவையாரின் கதையைச் சொன்னவர். ராத்திரி படுக்கும்போது வேறு எந்தக் கதை கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதிலேதான் வந்து நிற்பார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மகிழடியில் நின்று நினைக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. ஞாயிறு என்ற ஊரில் வேளாளர் குடியில் பிறந்த சங்கிலியார், சிவனடியார் ஒருவருக்கே வாழ்க்கைப்படுவது என்று இருந்து, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர். சுந்தரர் பார்த்தார், இறைவனிடம் போய்க் கேட்டார். இறைவன் சங்கிலியார் கனவில் வந்து சொன்னபோது அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. சுந்தரர் ஆரூரில் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்கிறவராயிற்றே என்று நேராகவே கேட்டார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான் என்றார் இறைவன்.

இங்கேதான் பாட்டி குரலைத் தாழ்த்துவார். சத்தியத்தைச் சன்னதியில் செய்யச் சொல்வார்கள், அந்த நேரம் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று தோழரான இறைவனிடம் கேட்டுக்கொண்டார் சுந்தரர். சரி என்றார் தோழர். சரி என்றவர், சங்கிலியார் கனவில் மறுபடி போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே கேள் என்று சொல்லிவிட்டார்! நம்பியாரூரர் மரத்தை வலம்வந்து, இறைவன் அங்கே இருக்க, அவர் முன்னிலையிலேயே வாக்குக் கொடுத்தார். உயிர்த்தோழன் ஒரு பக்கம், யாரென்றே உலகம் அறியாத ஒரு பூத்தொடுக்கும் பெண் ஒரு பக்கம். சாமி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். தீபாராதனை காட்டியபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆனால் எப்படித் தடுப்பது?

சோழ ராஜா இரண்டாம் இராசாதிராசன், 12-ஆம் நூற்றாண்டில், ஒற்றியூரில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்து ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணம் கேட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. அவரும் இந்த இடம் வந்தபோது தலைகுனிந்துதான் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்த காலத்தில் தென்றல் வீச, ஆரூர்த் திருவிழாவும் பரவையாரும் நினைவுக்கு வந்து சுந்தரர் கிளம்பினார். ஒற்றியூர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாக மாறக் கண்டவர், மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தவர், தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர். அவருக்கே வாக்குத் தவறியதில் சலுகை இல்லை.

அப்புறம் பூண்டி. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள். கொசஸ்தலை ஆற்றில் 1944-ல் நீர்த்தேக்கம் கட்டியபோது ஊர் முங்கிப்போய், கோயிலை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கூட்டமே இல்லை. கோயிலில் இருக்கிறீரா என்று கண் தெரியாமல் கேட்டவருக்கு, "உளோம், போகீர்" என்று ஒரு வார்த்தையும், ஊன்றிக்கொள்ள ஒரு கோலும் கொடுத்த ஊன்றீசுவரர். மின்னொளியம்மை வழிக்கு வெளிச்சம் காட்டினாளாம். கொம்பு ஒடிந்த நந்தியை அம்மா தடவிப் பார்த்தார். கோபத்தில் சுந்தரர் கோலை வீசியதில் ஒடிந்தது என்கிறார்கள். இங்கே எனக்குச் சின்னப் பாட்டி ஞாபகம் வந்தார். பாட்டிக்குக் கடைசியில் பார்வை மங்கிப்போனபோது, கையைப் பிடித்துத் தினமும் சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனவர் அந்த இளையாள்தான். இரண்டு பேரும் வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருநாள்கூடத் தவறியது இல்லை.

காஞ்சியில் ஏகம்பரைத் தரிசித்து, குத்தாலத்தில் குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு (சுந்தரருக்கு உடம்பில் வந்த நோய் அங்கே குளித்ததில் தீர்ந்தது) ஆரூருக்கு வந்தோம். நடுவில் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், வேட்டி கட்டிய ஒருவர் அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கண் தோஷப் பரிகாரத் தட்டு, சிறப்பு வழி, நேரே சன்னதிக்கு உள்ளே என்று ஐந்நூறில் ஆரம்பித்தார். வேண்டாம் என்றதும், "பெத்த தாய்க்குச் செலவு பண்ண யோசிக்கிறீங்களே" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். கோயில் வாசலில் நின்று இப்படி மனசைக் குத்திக் காசு பறிக்கிறவர்களை எப்போதுதான் அப்புறப்படுத்துவார்களோ. தள்ளாத வயதில் கடன் வாங்கி வருகிறவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆரூரில் மூலட்டானத்தைக் கும்பிட்டுத் தியாகேசர் சன்னதிக்கு வந்தபோது நடை சாத்த நேரம் நெருங்கிவிட்டது. வரிசை நகரவே இல்லை. குருக்கள் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். மாலைக் குவியலுக்கு நடுவில் அந்த முகம் மட்டும். அம்மா என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்தார். பின்னால் தள்ளினார்கள். "நகருங்க, நகருங்க" என்றார்கள். அம்மா நகரவில்லை. "தெரியறார்டி" என்றார். "முகம் தெரியறார்."

தியாகேசர் திருமேனி மூடித்தான் இருக்கும், மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும்தான் பாத தரிசனம். நாங்கள் போனது இரண்டும் அல்லாத நாள். ஆனால் எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, மறைந்திருந்த பாதம்தான் மனசு முழுக்க நின்றது. ஆரூருக்குத் திரும்பிய சுந்தரரைப் பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. ஒற்றியூரில் நடந்தது தெரிந்தால் எந்தப் பெண் விடுவாள்? உயிரை விடுவேனே தவிர ஏற்க மாட்டேன் என்று இருந்தார். அப்போது சுந்தரர் அழைக்க, அர்த்தசாமத்தில் இந்தத் தெருக்களில் நடந்து போனார் இறைவன். முதலில் பூசை செய்யும் அர்ச்சகராகப் போய்ச் சமாதானம் சொன்னார். பரவையார் முடியாது என்றார். சாமி திரும்பி வந்தார். மறுபடியும் போனார், இந்த முறை தம் சொந்த வடிவத்தில், தேவர்கள் சூழ. அதற்குப் பிறகுதான் பரவையார் இசைந்தார். நினைத்துப் பாருங்கள். மூத்தாளின் கோபத்தை, இதென்ன பெரிய விஷயம் என்று அவர் தள்ளவில்லை. அடக்கவும் இல்லை. அவள் வாசலுக்குத் தாமே இரண்டு தடவை நடந்தார். உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு.

வெளியே பிராகாரத்தில் உட்கார்ந்ததும் அம்மா சன்னதிப் பக்கம் பார்த்து, "எங்க அம்மா வாசலுக்கும் ஒரு நடை வந்திருக்கலாம்ல சாமி" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் கழித்து அவரே முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணைக் குடுத்துட்டான். இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

கண்மலரை உண்டியலில் போட்டபோது என் கைதான் நடுங்கியது.

நாயன்மார் இரண்டு மணம் செய்தது சரியா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரே அந்தக் கேள்வியை மறைக்கவில்லையே. முற்பிறப்பில் கயிலையில் ஆலாலசுந்தரராக இருந்த சுந்தரர் கமலினியையும் அநிந்திதையையும் (பின்னால் பரவையாரும் சங்கிலியாரும்) கண்டு மனம் வைத்ததும், அவர்களும் வைத்ததும், அதற்காகவே மண்ணில் பிறந்ததும் நமக்குத் தெரியும். அதை நம்புகிறவள்தான் நானும். ஆனால் அதைச் சொல்லிவிட்டதோடு புராணம் நின்றுவிடவில்லை. பெண்ணின் பேரில் இறைவனைத் தூது அனுப்பினானா ஒரு அடியான் என்று கொதித்துப்போனாரே ஏயர்கோன் கலிக்காமர், அவரும் அறுபத்துமூவரில் ஒருவர்தான்! சூலை நோய் வந்து, அதைச் சுந்தரர்தான் தீர்ப்பார் என்றபோது, அவர் கையால் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். வந்து பார்த்த சுந்தரரும் அதே வாளை எடுக்க, உயிர்பெற்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அன்றிலிருந்து நண்பர்கள். சுந்தரர் கதையின் பெரும்பகுதியைச் சேக்கிழார் அந்தக் கலிக்காமர் புராணத்தில்தான் வைத்துச் சொல்லியிருக்கிறார். கோபித்தவருக்குக் கொடுத்த இடம் அது.

இன்னொன்றும் அம்மா சொல்வார். கோட்புலியார் தம் மகள்கள் சிங்கடியையும் வனப்பகையையும் சுந்தரர் முன் நிறுத்தி ஏற்கச் சொன்னபோது, அவர்களை மகள்களாகத்தான் ஏற்றுக்கொண்டார். தம் பாட்டில் தம்மைச் சிங்கடியப்பன் என்றே பாடிக்கொண்டார். ரெண்டு கட்டினார் என்று சிரிக்கிறவர்களுக்கு இது ஞாபகம் இருப்பதில்லை.

எனக்கு ஆறாத ஒன்று, சுந்தரருக்கு முதலில் நிச்சயித்த புத்தூர்ப் பெண். சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். சொந்தக் குலத்தில் பார்த்து, பெரியவர்கள் பேசி, பந்தல் போட்ட கல்யாணம். அதைத்தான் இறைவன், நீ எனக்கு அடிமை என்ற ஆளோலையைக் காட்டி நிறுத்தினார். குலம் வேறான பரவையாரையும் சங்கிலியாரையும் தாமே முன்நின்று சேர்த்துவைத்தார். மணப்பந்தலில் விடப்பட்ட அந்தப் பெண் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்கிறது புராணம். அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஆரூரில் அவளுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினோம்.

ஆடிச் சுவாதிக்குத் திருநாவலூர் போகிறோம். அங்கே நம்பியாரூரர் பரவையாரோடும் சங்கிலியாரோடும் காட்சி தருகிறார். இரண்டு நாச்சியாருக்கும் புடவை எடுக்க அம்மாவே கடைக்கு வந்தார். நிறம் வேறாக இருக்கலாம், விலையும் ஜரிகை அகலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கடைக்காரரை நாலைந்து கட்டு பிரிக்க வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, வலது கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்.